இடக்கை மடிப்பு

மைதாவுல கொதிக்கிற தண்ணிய ஊத்திப் பிசையணுமாம். கை வெந்தா வேகட்டும், கியோசா மெத்துன்னு வரணும், அதான முக்கியம். ஞாயித்துக்கிழமை அதுவுமா கீழ் வீட்டுல வஞ்சிரம் பொரியற வாசம் மாடியேறி வருது, எதிர் பிளாட்டுல கறிக்குழம்பு தாளிச்சாச்சு, இந்த வீட்டுல மட்டும் ஜப்பான்காரன் கொழுக்கட்டை. கொழுக்கட்டைன்னு சொன்னா இவருக்கு மூஞ்சி சுண்டிப்போகும். "கொழுக்கட்டை இல்ல சொர்ணா, கியோசா"ன்னு திருத்துவாரு, ஏதோ சாமி பேரைத் தப்பாச் சொல்லிட்ட மாதிரி. மாவுக்குள்ள பூரணத்தை வச்சு மடிச்சு ஆவி காட்டினா எங்க ராஜபாளையத்துல அதுக்குப் பேரு கொழுக்கட்டைதான், வேணும்னா அடில கொஞ்சம் தீஞ்ச கொழுக்கட்டைன்னு சொல்லிக்கிறேன். கதிரேசன், எனக்குத் தாலி கட்டின மனுஷன், மூணு வருஷம் கம்பெனி அனுப்புச்சுன்னு ஜப்பான்ல இருந்துட்டு வந்தாரு. வந்து முழுசா ஒரு வருஷம் ஆகல, மறுபடி போறாராம். இந்தத் தடவை அஞ்சு வருஷம். குடும்பத்தையும் கூட்டிட்டுப் போலாம்னு கம்பெனிக்காரனே சொல்றான், வீடு தர்றான், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பாத்துத் தர்றான். தனியாப் போறேங்கிறது இந்த மனுஷன்தான். "நீங்க ரெண்டு பேரும் வந்து அங்க கஷ்டப்படுவீங்க சொர்ணா. குளிரு தாங்காது. பாஷை தெரியாது. வதனி படிப்பு கெட்டுப்போகும். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிர்றேன்." என் வாயில இருந்து அந்தச் சரி வரணும். அப்பத்தான் நாளைக்கு எவனாவது கேட்டா, என் வொய்ஃப்தான் வரலன்னு சொல்லிட்டாங்க சார்னு சிரிச்சுக்கிட்டே சொல்ல முடியும். ஒரு வாரமா அந்தச் சரியத்தான் என் தொண்டைக்குழியில வச்சுக்கிட்டுத் திரியறேன். முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. மாவு உருண்டைய ஈரத்துணி போட்டு மூடி வச்சுட்டேன்.

இது ஊறணுமாம். அதுக்குள்ள கோஸைப் பொடிப்பொடியா நறுக்கி உப்புப் போட்டுப் பிழியணுமாம். இதெல்லாம் யாரு சொன்னா, அவருதான் சொன்னாரு, பேப்பரைப் பாத்துகிட்டே சொன்னாரு. "கோஸை உப்புல வச்சுப் பிழிஞ்சிரு, இல்லன்னா தண்ணி விட்டு மாவு கிழிஞ்சிரும்." பாலைக் காய்ச்சச் சொன்னா பொங்க விட்டுட்டு என்னைக் கூப்பிடற மனுஷன். வெங்காயத்தாளுக்கும் கொத்தமல்லித்தழைக்கும் வித்தியாசம் தெரியாம மார்க்கெட்டுல இருந்து போன் போட்ட மனுஷன். அவருக்குக் கோஸு தண்ணி விடும்னு தெரியுது. கேண்டீன்ல சாப்பிட்டேன், கேண்டீன்ல சாப்பிட்டேன்னு மூணு வருஷமும் சொன்ன வாய்தான். கேண்டீன்ல சாப்பிடறவனுக்குத் தட்டுல வர்றதுதானய்யா தெரியும், கோஸைப் பிழிஞ்சது எப்படித் தெரியும். பிழியறேன். நல்லாப் பிழியறேன். கோஸா இது, யாரு கழுத்துன்னு நினைச்சுப் பிழியறேனோ எனக்கே தெரியல. வந்ததுல இருந்து கேட்டுகிட்டே இருந்தாரு, ஒரு தடவை வீட்டுல பண்ணுவோம் சொர்ணா, ஒரு தடவைன்னு. என் அடுப்புல அதெல்லாம் வேணாம்னு தள்ளிக்கிட்டே வந்தேன், இன்னைக்குத்தான் தட்ட முடியல. ஏன் வேணாம்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. பேரைச் சொல்லும்போது அந்த முகத்துல ஒரு இது வரும். என் சமையல் எதுக்கும் வராத இது. பன்னெண்டு வருஷமா வறுத்து அரைச்சு வைக்கிறேன், நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் உப்பு, அதோட சரி. சந்தேகம்னா கையில ஏதாவது இருக்கணும்ல, ஒரு முடி, ஒரு போட்டோ, ஒரு போன் நம்பர். ஒண்ணும் கிடையாது. தேடாமலா இருந்தேன். பெட்டியக் கொட்டி, சட்டைப் பையெல்லாம் கவுத்து, தூ, என் பொழப்பு. கிடைச்சது ரெண்டு ஜோடி சாப்பிடற குச்சியும் ஒரு பாட்டில் எள்ளெண்ணெயும். ஊர் உலகத்துல எவளும் புருஷன் பெட்டியில எள்ளெண்ணெயைப் பாத்து சந்தேகப்பட்டு உக்காந்திருக்க மாட்டா. கொத்துக்கறில இஞ்சி, பூண்டு, அந்த எண்ணெய் எல்லாம் போட்டுப் பிசைஞ்சேன், கோழிதான், பன்னி வேணும்னா நீங்களே போய் வாங்கி நீங்களே தின்னுங்கன்னு சொல்லிட்டேன்.

அத்தைக்குப் போன் பண்ணி, உங்க மகன் மறுபடி தனியாப் போறாருன்னு சொன்னேன். ஆம்பளை சம்பாதிக்கப் போறான், நீ ஏன் ஒப்பாரி வைக்கிறேன்னாங்க. ஆமா, நான்தான் ஒப்பாரி வைக்கிறவ. அந்த மூணு வருஷம் வதனிக்குக் காய்ச்சல்னா தோள்ல போட்டுக்கிட்டு ஆட்டோ தேடினது நான், லிப்ட்டு நின்னுபோனா தண்ணி கேனை நாலு மாடி தூக்கினது நான், எதிர் பிளாட்டுக்காரி "சார் எப்ப வர்றாங்க"ன்னு கேக்கற ஒவ்வொரு தடவையும் ஒரு சிரிப்பு சிரிச்சேனே, அந்தச் சிரிப்புல தாடையே வலிக்கும், அதுவும் நான். இன்னும் அஞ்சு வருஷம் அந்தச் சிரிப்பைச் சிரிக்கணும். அஞ்சு வருஷத்துல வதனி வயசுக்கு வந்துரும். வீடியோவுல பாப்பாரு. திரும்பி வர்றவரு எங்ககிட்டதான் திரும்பி வருவாருன்னு என்ன நிச்சயம். பூரிக்கட்டையால தேய்க்கத் தேய்க்க மாவு சுருங்குது, இழுத்தா விடுது, விட்டா சுருங்குது, இது மாவா இல்ல இவரு மாதிரியா. டம்ளரைக் கவுத்து வட்டம் வட்டமா வெட்டினேன். அப்பத்தான் வந்தாரு. சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, "நகரு, மடிக்கிறது நான்"னு. ஒரு வெள்ளிக்கிழமை தேங்கா உடைக்கக்கூடத் தானா இந்தச் சமையக்கட்டுக்குள்ள வந்ததில்ல. தட்டு, பூரணம், ஒரு கிண்ணத்துல தண்ணி, எல்லாத்தையும் சாப்பாட்டு மேஜைக்கு எடுத்துட்டுப் போயி, நான் நிக்கற பக்கத்துக்கு எதிர்ல உக்காந்தாரு. வலது உள்ளங்கையில மாவு வட்டத்தை வச்சாரு. இடது விரலைத் தண்ணில நனைச்சு ஓரத்தைச் சுத்தித் தடவினாரு. இடது கையாலயே சின்னச் சின்னக் கொசுவமா வச்சு, ஒண்ணு, அடுத்தது, அடுத்ததுன்னு அமுக்கிக்கிட்டே போனாரு. பாக்கவே இல்ல. கை அதுபாட்டுக்கு மடிக்குது, வாய் அதுபாட்டுக்குப் பேசுது. "அஞ்சு வருஷம்னா நீ நினைக்கிற மாதிரி ரொம்ப இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை லீவு தருவான். வதனிக்கு ஒரு நல்ல டியூஷன் பாத்துரலாம்."

"பீச்சாங்கையால எதுக்குச் சாப்பாட்டுல கை வைக்கிறீங்க"ன்னேன். வேற எதையோ கேக்க வந்து இது வந்துச்சு. கையைப் பாத்துக்கிட்டாரு. அவருக்கே அப்பத்தான் தெரிஞ்ச மாதிரி. "இப்படித்தான் வருது"ன்னாரு. மாத்தி, மாவை இடது கையில வச்சு வலது கையால மடிக்கப் பாத்தாரு. வரல. கொசுவம் கோணிக்கிட்டுப் பூரணம் பிதுங்கிருச்சு. சிரிச்சுட்டு மறுபடி பழையபடி இடது கைக்கே போயிட்டாரு. எழுதறது வலது கை. சாப்பிடறது, ஷேவ் பண்றது, மட்டை பிடிக்கிறது எல்லாம் வலது கை. பந்தியில எவனாவது இடது கையால அப்பளத்தை எடுத்தாக்கூட முகம் சுளிக்கிற வம்சம். இந்த ஒண்ணு மட்டும் எப்படி இடது கைக்குப் போச்சு. ஏதோ ஒரு பழக்கம், விடுன்னு மனசு சொல்லுது. விடமாட்டேங்குது. இதை நான் எங்கயோ பாத்திருக்கேன், இதே மாதிரி ஒரு கை, இதே மாதிரி தப்பான பக்கம். எண்ணெய் வாசம், தீவாளிக்கு முந்தின சாயங்காலம், வதனி. சோமாசி. சோமாசி ஓரத்தை முறுக்கி மடிக்கச் சொல்லிக்குடுத்தேன் அவளுக்கு, போன தீவாளிக்குத்தான், இதே மேஜையில. அவ எதிர்ல உக்காந்து என் கையைப் பாத்துப் பாத்துச் செஞ்சா. முடிச்சுப் பாத்தா அவ்வளவும் இடது கையால மடிச்சிருக்கா. அம்மா கை இந்தப் பக்கம் இருக்கு, அவளும் அதே பக்கத்துக் கையை எடுத்திருக்கா, கண்ணாடியில பாத்துச் செய்யற மாதிரி. பிள்ளையைப் பக்கத்துல உக்கார வச்சுச் சொல்லிக்குடுக்கணும்டி, எதிர்ல வச்சா கை மாறிரும்னு எதிர் பிளாட்டுக்காரி வந்து சொல்லித்தான் எனக்கே விளங்குச்சு. வதனிக்கு இன்னும் சோமாசின்னா இடது கைதான், மாத்த முடியல. கை முதல்ல எப்படிக் கத்துக்குதோ அப்படியே நின்னுருது. அப்ப இந்தக் கை. இது யாருக்கு எதிர்ல உக்காந்து கத்துக்கிட்ட கை.

நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் எதிர்ல உக்காந்தேன். இரு, இரு, சொர்ணா, பைத்தியம் மாதிரி நினைக்காத. யூட்யூப்லயும் எதிர்ல இருந்துதான் காட்டறான். ஆனா யூட்யூப் பாத்து மடிக்க இவருக்கு அடுப்பு ஏது. ரூம்ல அடுப்பே கிடையாது சொர்ணா, ஒரு டீ போட வழியில்லன்னு வாராவாரம் புலம்பினாரே, அதைக் கேட்டு எனக்குச் சோறு இறங்காதே, நம்ம தட்டுல இத்தனை இருக்கு அந்த மனுஷன் அங்க பச்சைத்தண்ணி குடிச்சுக்கிட்டுக் கிடக்காருன்னு. இந்தக் கையைப் பாரு. ஒரு தடவை ரெண்டு தடவை செஞ்ச கையா இது. நூத்துக்கணக்குல மடிச்சாத்தான் பாக்காம மடிக்க வரும், எனக்குத் தெரியாதா, சோமாசி மடிக்கிறவளுக்குத் தெரியாதா. அங்க இவருக்கு எதிர்ல ஒருத்தி உக்காந்திருக்கா. நடுவுல தட்டு. இவரு தப்பா மடிக்கிறாரு, அவ சிரிக்கிறா. திருத்தல பாரு, அதான் எனக்கு எரியுது. எனக்குக் கொழுக்கட்டைய கியோசான்னு திருத்தத் தெரிஞ்ச மனுஷனை, அவ திருத்தவே இல்ல. தப்பாவே இருக்கட்டும்னு அழகு பாத்திருக்கா. "எனக்கும் சொல்லிக்குடுங்க"ன்னேன். என் குரல் நல்லா இருந்துச்சு, எப்படின்னுதான் தெரியல. ஒரு மாவு வட்டத்தை எடுத்தேன். அவரு கையைப் பாத்துப் பாத்து அதே பக்கத்துக் கையால செஞ்சேன். அவருக்கு எதிர்ல எனக்கு அது வலது கை. சரியான கை. அவ கை. கொசுவம் அழகா விழுந்துச்சு, நம்ம கைதான் பழகின கையாச்சே. தட்டுல அவரு வச்சதுக்குப் பக்கத்துல வச்சேன். அவருது ஒரு பக்கமாச் சாயுது, என்னுது மறுபக்கமாச் சாயுது. இன்னொண்ணு வச்சேன். இன்னொண்ணு. பேச்சை நிறுத்திட்டு அவரு அதையே பாத்துக்கிட்டிருந்தாரு. கை நின்னுபோச்சு. அந்த முகத்துல ஒரு இது வந்துச்சு. என் சமையல் எதுக்கும் வராத அதே இது, இப்ப நான் மடிச்சதுக்கு வந்திருக்கு, ஆனா எனக்காக வரல. பன்னெண்டு வருஷத்துல முத தடவையா என் கைவேலையை ஆசையாப் பாக்கறாரு, அது என் கைவேலையா அவருக்குத் தெரியல.

"யாரு சொல்லிக்குடுத்தா"ன்னேன். "என்னது?" "இதை மடிக்க." "கேண்டீன்ல..." "கேண்டீன்ல உக்கார வச்சா சொல்லிக்குடுத்தாங்க?" தண்ணிக் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சாரு. "சகாமோட்டோன்னு கூட வேலை பாத்தவன், சொல்லியிருக்கேன்ல. அவன் வீட்டுல ரெண்டு மூணு தடவை கூப்பிட்டான். அவன் சம்சாரம் செய்வாங்க. நானும் கூட உக்காந்து மடிச்சேன். இதுல என்ன இருக்கு?" இதுல என்ன இருக்கு. இருக்கலாம். ஏன் இருக்கக்கூடாது. சகாமோட்டோ, கண்ணாடி போட்ட ஆளு, போட்டோவுல பாத்திருக்கேன். அவனுக்கு ஒரு பொண்டாட்டி இருப்பா, அவ விருந்தாளியை எதிர்லதான் உக்கார வைப்பா. அதைப் பிடிச்சுக்கிட்டேன். சொன்னா நம்ப மாட்டாங்க, அந்த நிமிஷம் அந்த சகாமோட்டோ பொண்டாட்டி கால்ல விழுந்து கும்பிடணும் போல இருந்துச்சு. ரெண்டு மூணு தடவை போதுமா கை இப்படிப் பழக, போதும்னு வச்சுக்குவோம், சில பேருக்குக் கை சீக்கிரம் பழகும். நான்தான் ஊர்ல இல்லாத கூத்தைக் கற்பனை பண்ணிக்கிட்டு எரியறேன். சரின்னு சொல்லிரலாமா. போயிட்டு வரட்டும். சம்பாதிச்சுட்டு வரட்டும். எல்லா வீட்டுலயும் நடக்கறதுதானே. நாக்கு நுனில வந்துருச்சு அந்தச் சரி. தட்டைத் தூக்கிக்கிட்டு அடுப்புக்குப் போனேன். அவரும் பின்னாடியே வந்து நின்னாரு. "திருப்பிப் போட்டுராத. தோசை மாதிரி திருப்பக்கூடாது. ஒரு பக்கம் மட்டும்தான்." எண்ணெய் காஞ்சதும் வட்டமா அடுக்கினேன். அடி சிவந்து வர்ற வாசம் நல்லாத்தான் இருந்துச்சு. இல்லன்னு பொய் சொல்லல. "இப்ப தண்ணிய ஊத்தி உடனே மூடிரு"ன்னாரு. ஊத்தி மூடினேன்.

சோன்னு ஒரு சத்தம். தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா சுர்ருன்னு வந்து அடங்கிரும், இது அப்படியில்ல. மூடிக்குள்ள ஒரே சீரா, நிக்காம, தூரத்துல கேக்கற மாதிரி. எனக்கு இந்தச் சத்தம் தெரியும். இந்தச் சமையக்கட்டுல இது இன்னைக்குத்தான் முத தடவையாக் கேக்குது, ஆனா எனக்குத் தெரியும். காதுல கேட்டிருக்கேன். போன்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம், நாங்க சாப்பிட்டுப் பாத்திரம் கழுவற நேரம் கூப்பிடுவாரு, அங்க அது சாயங்காலம். பேசிக்கிட்டே இருக்கும்போது பின்னாடி சோன்னு கேக்கும். என்னங்க சத்தம்னு கேட்டேன் ஒரு தடவை. மழை சொர்ணா, இங்க ஒரே மழைன்னாரு. இங்க மறைமலை நகர்ல வெயிலு மண்டையைப் பொளக்கும், பால்கனியில நின்னுக்கிட்டு எனக்குப் பொறாமையா இருக்கும், அந்த மனுஷனுக்காவது மழை கிடைக்குதேன்னு. அடுத்த வாரமும் மழை. அதுக்கடுத்த வாரமும். வதனி போனைப் பிடுங்குவா, அப்பா அப்பா, மழையைக் காட்டுங்கப்பான்னு. வீடியோ வேணாம்டா, நெட்டு சரியில்ல, கேளுன்னு சொல்லிட்டுப் போனைக் கிட்டக் கொண்டு போவாரு. சோன்னு பெருசாக் கேக்கும். பிள்ளை போனைக் காதோட அமுக்கி வச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கும். அம்மா, அப்பா ஊர் மழைம்மான்னு என் காதுல கொண்டாந்து வைக்கும். நானும் கேப்பேன். அடுப்புக்கிட்டயாடா நீட்டின. பாவி, எவளோ ஒருத்தி சட்டியில தண்ணி ஊத்தி மூடி போட்ட சத்தத்தை, அவ பக்கத்துல நின்னுகிட்டு, எம் பிள்ளை காதுல வச்சு மழைன்னு சொன்னியா. மனசுக்குள்ள நீன்னுதான் வந்துச்சு. இனிமே வேற எதுவும் வராது.

"சகாமோட்டோ வீட்டுல ஞாயித்துக்கிழமை தவறாம மழை பெய்யுமா"ன்னேன். சத்தமாக்கூடச் சொல்லல. முதல்ல அவருக்கு விளங்கல, நெத்தியைச் சுருக்கினாரு. அப்புறம் மூடியைப் பாத்தாரு. சட்டிக்குள்ள சோன்னு பெய்ஞ்சுகிட்டே இருக்கு. முகத்துல இருந்த ரத்தம் கீழ இறங்கறதை நான் பாத்தேன். "சொர்ணா"ன்னாரு. "எனக்குச் சொன்னதை விடுங்க. என்னை ஏமாத்தினதுகூடப் போகட்டும். அந்தப் பிள்ளை மத்தியானம் அதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்கும், தெரியுமா உங்களுக்கு? போனை வச்ச அப்புறமும் மழை மழைன்னு சொல்லிக்கிட்டே தூங்கும்." "சொர்ணா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு, அது முடிஞ்சு போச்சு." "முடிஞ்சு போன இடத்துக்கு எதுக்குத் தனியாப் போறீங்க?" மேடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. மாடிப்படியில செருப்புச் சத்தம் கேட்டுச்சு, டிராயிங் கிளாஸ் முடிஞ்சு வதனி ஓடி வர்றா, எப்பவும் லிப்ட்டுக்கு நிக்க மாட்டா. ஒரு வாரமாத் தொண்டையில இருந்த அந்தச் சரி இப்ப லேசா வந்துச்சு, ஒரு வலியும் இல்லாம. "சரி. தனியாவே போங்க. நாளைக்கே சொல்லிருங்க. திரும்பி இந்த வீட்டுக்கு வர வேணாம், அதையும் சேத்துச் சொல்லிட்டேன்." கதவு மணி அடிச்சுது. அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே அடிக்கறா. கதவைத் திறக்கப் போனவரை நிறுத்தினேன். முதல்ல அடுப்பை அணைச்சேன். சட்டிக்குள்ள தண்ணி பாதி அப்படியே இருந்துச்சு, மாவு வேகவே இல்ல, போகட்டும். அந்தச் சத்தம் சுத்தமா அடங்கற வரைக்கும் மூடி மேல கையை வச்சு அமுக்கிக்கிட்டு நின்னுட்டு, அப்புறம்தான் பிள்ளைக்குக் கதவைத் திறந்தேன்.